பழைய மோட்டார் வண்டியில் மின்சாரம் திடீரென நின்றுவிட்டால்

நமது அங்கத்தினர்களில் சிலர் தனியாகவும், சிலர் நால்வர் ஐவராகக் கூடியும், கைமாறி வந்த பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருக்கின்றனர். நெய்து முடித்த சேலைகளைச் சங்கத்தில் சேர்ப்பிக்கவும், நூலும் சாயமும் ஏற்றி வரவும், விடியுமுன் கத்தரியும் தக்காளியும் சந்தைக்குப் போய்ச் சேரவும் இவ்வண்டிகளே துணை. அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலும், மாருதி ஆம்னி வண்டியின் உற்பத்தி 2019-ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. எனினும் அவையும் அவை போன்ற பிறவும் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் உழைத்து வருகின்றன. இத்தகைய வண்டி, நேற்று மாலை வரை குறையின்றி ஓடியிருந்தும், இன்று காலை சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியாமல், ஹாரன் ஒலிக்காமல், மரக்கட்டை போல் நின்றுவிடுவது உண்டு. அவ்வேளையில் செய்ய வேண்டியது யாது, செய்யத் தகாதது யாது என்பதே இம்மாதப் பாடம்.

இப்பாடத்தை எழுதத் தூண்டியது நமது சங்கத்தில் நேர்ந்த ஒரு தவறு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த தவறு

சங்கத்தின் பழைய வான் ஒரு நாள் விடியற்காலையில் சரக்கேற்றிய நிலையில் புறப்பட மறுத்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார், எங்கும் இருள். நால்வர் தள்ளியும் பயனில்லை. காய்கறிக் கூடைகளை வாடகை வண்டிக்கு மாற்றி அனுப்புவதற்குள் சந்தையில் நல்ல விலை போய்விட்டது. அன்று மாலை கூடிய நிர்வாகக் குழுவில், "இரவில் விளக்கை அணைக்காமல் விட்டிருப்பார், பாட்டரி தீர்ந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்களும் ஆமோதித்தோம். யாரும் வண்டியருகே சென்று பார்க்கவில்லை. புதிய பாட்டரி வாங்கப்பட்டது. பழையது விலைக் கழிவுக்காகக் கடையில் கொடுக்கப்பட்டது. செலவில் ஒரு பகுதியை ஓட்டுநரின் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்வதென்றும் தீர்மானித்தோம்.

மூன்றாம் நாள் அதே விடியற்காலையில் அதே இருள் மீண்டும் வந்தது. இம்முறை பம்புசெட் பழுது பார்க்கும் அங்கத்தினர் ஒருவர் உடனிருந்தார். அவர் எந்தக் கருவியையும் கையிலெடுக்காமல், "சாவியைத் திருப்புவதற்கு முன் உள்விளக்கு எரிந்ததா? திருப்பியதும் என்ன ஆயிற்று?" என்று ஓட்டுநரை வினவினார். "நன்றாக எரிந்தது, திருப்பியதும் அதுவும் சேர்ந்து அணைந்தது. கதவை ஓங்கிச் சாத்தினால் சில சமயம் திரும்ப எரிகிறது. இதைத்தான் முதல் நாளே சொன்னேன்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மையே. கேட்கத்தான் ஆளில்லை. பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் துருவும் பழைய பெயிண்டும் படிந்து, உலோகம் உலோகத்தைத் தொடாமல் இருந்தது. உப்புத்தாள் ஒன்றும் கால் மணி நேர உழைப்புமே அதைச் சரிசெய்யப் போதுமானவையாயின.

ஓட்டுநரின் சொற்களிலேயே பழுது இன்னதென்ற செய்தி அடங்கியிருந்தது. அது எவ்வாறு என்பதை அறிய, வண்டியில் மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

மின்சாரம் செல்லும் வழி

கார், வான் முதலிய வண்டிகளின் பாட்டரி 12 வோல்ட் கொண்டது. அதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். இதன் நேர்முனையிலிருந்து ஒரு தடித்த கேபிள் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்கிறது. மற்றொரு கிளை முதன்மைப் பியூஸ் வழியாகச் சாவி ஸ்விட்சுக்கும், சிறு பியூஸ்கள் அடங்கிய பெட்டிக்கும் சென்று, அங்கிருந்து விளக்கு, ஹாரன், இக்னிஷன் காயில் முதலியவற்றுக்குப் பிரிகிறது. அவ்வாறு சென்ற மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் பாதை. உடலிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் எர்த் கேபிள்கள் பாட்டரியின் எதிர்முனையைச் சேர்கின்றன. இவ்வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் மின்சாரம் முழுவதும் நின்றுவிடும்.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், பாவையே அறுத்தெறிந்து புதுப் பாவு ஓட்டும் நெசவாளர் எவரும் இலர். அறுந்த இழையை விரலால் தொடர்ந்து சென்று, அறுந்த இடத்தைக் கண்டு பிணைக்கிறார். கடைமடைக்கு நீர் வராதபோது விவசாயி கிணற்றை ஆழப்படுத்தத் தொடங்குவதில்லை. வாய்க்காலோடு நடந்து அடைப்பைத் தேடுகிறார். மின்சாரத்திற்கும் இதுவே முறை. பழைய வண்டிகளில் ஒரே கணத்தில் எல்லாம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணமாவது விலையுயர்ந்த பாகம் அன்று; தளர்ந்த, அல்லது துருவேறிய ஓர் இணைப்பேயாகும். ஆகவே, தேடிய பின்னரே வாங்க வேண்டும்.

ஓடும்போது நின்றுவிட்டால்

சாலையில் செல்லுகையில் மின்சாரம் நின்றால் பழுது பார்ப்பதைவிட உயிர் காப்பது முதற்கடமை. பெட்ரோல் வண்டியில் எஞ்சினும் உடன் நிற்கும். இரவாயின் விளக்குகளும் அணையும். சாவியைப் பின்னோக்கித் திருப்பி எடுத்துவிடலாகாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கிற்கு உதவும் வெற்றிடக் கருவியில் ஓரிரு முறை அழுத்துவதற்கு வேண்டிய வலு எஞ்சியிருக்கும். ஆதலால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி, இடப்புறம் ஒதுங்கி நிறுத்த வேண்டும். வண்டியிலுள்ளோர் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். பின்னால் சற்றுத் தொலைவில் ஒளி எதிரொலிக்கும் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும். இருளில் விளக்கின்றி நிற்கும் வண்டியின் மீது பின்வரும் லாரி மோதுவதே இப்பழுதினால் விளையும் பெரும் அபாயம்.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

வண்டி பத்திரமாக நின்ற பின், மூடியைத் திறக்குமுன், எது உயிருடன் இருக்கிறது, எது இறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்விளக்கு, ஹாரன், முன்விளக்கு, சாவி போட்டால் எரியும் சிவப்பு விளக்கு, ஸ்டார்ட்டர் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொள்ளலாம். அதன் முடிவை வைத்துப் பழுதை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. எதுவுமே எரியவில்லை: பாட்டரி முழுதும் தீர்ந்தது, அல்லது முனை இணைப்பு, எர்த் கேபிள், முதன்மைப் பியூஸ் இவற்றில் ஒன்று அறுந்தது.

2. உள்விளக்கு நன்றாக எரிகிறது. ஸ்டார்ட்டருக்குச் சாவியைத் திருப்பியதும் எல்லாம் அணைகிறது. அசைத்தால் திரும்ப வருகிறது: பெரும்பாலும் முனையிலோ எர்த்திலோ தளர்ந்த இணைப்பு.

3. முதலிலிருந்தே விளக்குகள் மங்கல்; திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும்: பாட்டரியில் மின்சாரம் குறைந்துள்ளது. அணைக்காமல் விட்ட விளக்கு இவ்வகையிலேயே தன்னைக் காட்டும்.

4. உள்விளக்கும் ஹாரனும் உயிருடன் உள்ளன. சாவி வழியே செல்பவை மட்டும் இறந்துள்ளன: சாவி ஸ்விட்ச், அல்லது அதற்குச் செல்லும் ஒயர்.

5. ஓடிக்கொண்டிருக்கையில் விளக்குகள் படிப்படியாக மங்கி, எஞ்சின் திணறி நின்றது: மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர், அல்லது அதன் பெல்ட்.

நமது ஓட்டுநர் கூறியது இரண்டாம் வகை. நாம் தீர்ப்பளித்ததோ மூன்றாம் வகைக்கு. அவர் சொல்லைச் செவிமடுத்திருந்தால் பாட்டரிச் செலவும் மிஞ்சியிருக்கும், ஒருவர் மீது வீண் பழியும் விழுந்திராது.

தளர்ந்த இணைப்பு ஏன் இவ்வாறு ஏமாற்றுகிறது?

இதற்கு விடை, ஓம் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியில் உள்ளது. ஓரிடத்தில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு, அவ்விடத்தின் தடையையும் அதன் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவையும் பெருக்கி வருவது. அதிக மின்சாரம் ஓடினால் அதிக இழப்பு.

துருவேறிய ஓர் எர்த் இணைப்பில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட் உள்விளக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே கேட்கும். அவ்விணைப்பில் அரை வோல்ட்டும் இழப்பில்லை. விளக்கு வழக்கம்போல் எரியும். 55 வாட் முன்விளக்குகள் இரண்டையும் போட்டால், ஏறத்தாழ 5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஒளி சிவந்து மங்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் கேட்பது. அதற்குச் சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட்டில் 11 வோல்ட் அவ்விணைப்பிலேயே மடிந்து, எஞ்சிய ஒரு வோல்ட்டில் எதுவும் இயங்காது. அதே வழியில் மின்சாரம் பெறும் உள்விளக்கும் உடன் அணையும். வாய்க்காலில் சருகு அடைத்திருக்கையில், கசியும் நீர் ஒரு செடிக்குப் போதும். வயல் முழுவதற்கும் போதாது. அதைப் போன்றதே இதுவும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது: பளு ஏற்றிச் சோதிக்காத இணைப்பைச் சோதித்ததாகக் கொள்ளலாகாது. மல்டிமீட்டர் மிகமிகச் சொற்ப மின்சாரத்தையே எடுத்துக்கொள்வதால், கெட்ட இணைப்பின் வழியாகவும் அது 12.6 என்று காட்டும். அதை நம்பி, "மின்சாரம் இங்கு வருகிறது" என்று முடிவு செய்தோர் பலர் ஏமாந்திருக்கின்றனர். முன்விளக்கை எரியவிட்டோ, ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கையிலோ அளப்பதே சரியான அளவு.

பாட்டரியின் முனைகள்

தேடலை இங்கிருந்து தொடங்க வேண்டும். கைவிரல் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இவற்றை முதலில் கழற்றிவிட வேண்டும். பாட்டரியின் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. மின்சாரம் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், அது வெடிக்கும் தன்மையது.

முனையைப் பற்றியுள்ள கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். கையின் வலுவிற்கே அசையுமாயின் பழுது அநேகமாக அதுவே. இறுக்கமாயிருந்தும் வெண்மையாகவோ, நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே சுத்தமாகத் தோன்றினும், முனைக்கும் கிளாம்புக்கும் இடையே கறுத்த படலம் இருக்கக்கூடும்; கழற்றாமல் அது தெரியாது.

கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியிலும் கையாள வேண்டும். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் மறக்காது. எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கையில் நேர்முனையில் ஸ்பானர் போட்டால், அதன் மறுமுனை தவறி உடலில் பட்டதும் பெருந்தீப்பொறி பறந்து ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனையை முன்னரே கழற்றிவிட்டால் அந்த வட்டம் அறுந்திருக்கும், அபாயமில்லை.

கழற்றிய முனைகளையும் கிளாம்புகளையும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவ வேண்டும். அந்நீர் பாட்டரியின் துளைகளுக்குள் புகலாகாது. பின்னர் உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, மாட்டி இறுக்கி, மேலே வாசலைன் தடவிவிடலாம். நேர்முனை சற்றுப் பருமனாகவும் எதிர்முனை சற்று மெலிந்தும் இருக்கும். கிளாம்பு பொருந்தவில்லையெனில் தகட்டுத் துண்டைச் செருகி ஒப்பேற்றாமல், பொருத்தமான கிளாம்பை வாங்குவதே நலம்.

பாட்டரியை அளத்தல்

மீட்டரின் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையின் தலையிலேயே வைத்து அளக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதி, 11.9-க்குக் கீழெனில் தீர்ந்துவிட்டது என்க. மின்சாரம் ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நிற்குமாயின் ஓர் அறை செத்துப்போயிற்று; அப்பாட்டரி இனி உதவாது. நல்ல பாட்டரியில் ஸ்டார்ட்டர் சுழலும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது.

மூடி திறக்கும் வகையாயின் நீர்மானியைக் கொண்டு ஒவ்வோர் அறையிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கலாம். 1.26 முதல் 1.28 வரை முழுமை. ஐந்து அறைகள் ஒத்திருக்க, ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் குறை அங்கே. நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது.

பாட்டரி நன்றாயிருந்தால் அடுத்துச் செய்வது இணைப்பு இழப்பைக் காணுதல். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையை ஈய முனையிலும் மறுமுனையை அதைப் பற்றிய கிளாம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்விணைப்புக் கெட்டது. அவ்வாறே எதிர்முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்திற்கும் இடையே அளக்க, எர்த் வழி முழுவதின் இழப்பும் தெரியும். அது அரை வோல்ட்டைத் தாண்டலாகாது.

மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் திசைகாட்டி பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களை இணைத்துச் சோதனை விளக்காகக் கொள்ளலாம். இது கொஞ்சம் பளுவையும் ஏற்றுவதால் வெறும் மீட்டரைவிடச் சில இடங்களில் உண்மையைச் சொல்லும். முதலில் இரு ஈய முனைகளிலும் வைத்து ஒளியைப் பாருங்கள். பின்னர் ஒரு முனையை மட்டும் கிளாம்பு, கேபிளின் மறுகோடி, வண்டியின் உடல் என்று வரிசையாக நகர்த்திச் செல்லுங்கள். எவ்விடத்தில் ஒளி மங்குகிறதோ, அணைகிறதோ, அதற்கு முந்திய இணைப்பிலேயே பழுது.

எர்த் கேபிள்

பலரும் மறந்துவிடுவது இதையே. பாட்டரியிலிருந்து உடலுக்கு ஒன்றும், எஞ்சினுக்கு ஒன்றுமாகச் சில வண்டிகளில் இரண்டு கேபிள்கள் இருக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் தனிக் கேபிள் இன்றி அதற்கு எர்த் இல்லை. அக்கேபிள் அறுந்தால், ஸ்டார்ட்டரின் பெருமின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கம்பி, கிளட்ச் கம்பி வழியாகத் திரும்ப முயலும். அக்கம்பிகள் சுடும், சில வேளைகளில் புகையும். இது கண்டால் வேறு சோதனை வேண்டா.

சந்தேகம் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தடித்த ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். வண்டி உயிர்பெற்றால் பழைய எர்த் வழி கெட்டது என்பது உறுதி. போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள பெயிண்டையும் துருவையும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூச வேண்டும். வண்டிக்குப் புதிய பெயிண்ட் அடித்து விற்கும்போது எர்த் போல்ட்டின் அடியிலும் பெயிண்ட் புகுந்துவிடுவது உண்டு. பழைய வண்டி வாங்குவோர் இதைக் கவனிக்க.

முதன்மைப் பியூஸ்

பாட்டரியின் அருகிலேயே பல வண்டிகளில் முதன்மைப் பியூஸ் இருக்கும். சிலவற்றில் அது சிறு பெட்டி வடிவம்; சிலவற்றில் ஒரு சாண் ஒயர் போலவே தோன்றும். பின்னதில் உள்ளே கம்பி உருகிப்போயிருந்தாலும் மேலுறை கெடாமல் இருக்கக்கூடும். மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே அறுந்துவிட்டது.

பியூஸ் காரணமின்றிப் போவதில்லை. எங்கோ ஓர் ஒயர் உடலில் உரசி நேரே எர்த் ஆகியிருக்க வேண்டும். நம் ஊர்களில் இதற்கு இரண்டு காரணங்கள் மிகுதி. ஒன்று, களத்தருகே நிற்கும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்துவிடுதல். மற்றொன்று, முன்பிருந்த உரிமையாளர் பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் முதலியவற்றிற்காக ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றி வைத்தது. வெயிலில் டேப்பின் பசை இளகி, முறுக்கு வெளிப்பட்டுவிடும். பியூஸ் இருந்த இடத்தில் சோதனை விளக்கை மாட்டி, எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துப் பாருங்கள். விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால் உரசல் இன்னும் நீங்கவில்லை என்பது பொருள். அதைக் கண்டு நீக்கிய பின்னரே, அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸைப் போட வேண்டும். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ வைப்பது, வண்டிக்கும் அதிலுள்ள சரக்குக்கும் நாமே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

சாவி ஸ்விட்ச்

உள்விளக்கும் ஹாரனும் இயங்கி, சாவி வழிச் செல்பவை மட்டும் நின்றிருந்தால், சாவியை 'ஆன்' நிலையில் வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் ஸ்விட்சின் உட்தகடுகள் தேய்ந்துவிட்டன. அதன் பின்புறச் செருகி பழுப்பேறியோ உருகியோ இருப்பதும் உண்டு. ஸ்விட்சுக்குள் வரும் ஒயரில் சோதனை விளக்கு எரிந்து, வெளிச்செல்லும் ஒயரில் எரியாவிடில் பழுது அதுவே. கனத்த சாவிக்கொத்து தொங்கிக்கொண்டேயிருப்பது இத்தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

மின்சாரம் ஏறுகிறதா?

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை. 15-க்கு மேற்போனால் மிகையாகத் தந்து பாட்டரியின் நீரை வற்றச் செய்கிறது. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிடில் அந்தச் சிறு பல்பு போயிருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அப்பல்பு இன்றி ஆல்டர்னேட்டர் வேலை தொடங்குவதே இல்லை. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கேபிளைக் கழற்றி, "நிற்காமல் ஓடுகிறது, ஆகவே டைனமோ நன்று" என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இது கூடாது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, அதனுள்ளிருக்கும் டையோடுகளையும் பிற மின்னணுக் கருவிகளையும் சுட்டுவிடும்.

இரவில் கசியும் மின்சாரம்

இணைப்புகள் யாவும் நன்றாயிருந்து, மாலையில் முழுமையாயிருந்த பாட்டரி காலையில் தீர்ந்துபோவதாயின், எதுவோ இரவில் அதைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையே ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை இணைக்க வேண்டும். அப்போது சாவியைத் திருப்பலாகாது. திருப்பினால் மீட்டர் கெடும். 50 மில்லி ஆம்பியருக்கு உட்பட்டால் கவலையில்லை. அதற்கு மிகுந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ, குடிப்பவர் அந்த வழியில் இருக்கிறார்.

இங்கே ஒரு கணக்கு. 10 வாட் விளக்கு ஏறத்தாழ 0.83 ஆம்பியர் கேட்கும். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி முழுதும் தீர 42 மணி நேரம் வேண்டும். ஒரே இரவில் உள்விளக்கு நல்ல பாட்டரியைக் காலி செய்துவிட்டது என்று ஓட்டுநரைக் குற்றஞ்சாட்டுமுன், இக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நலம். முன்விளக்குகளை எரியவிட்டாலோ, ஏறக்குறைய நான்கு மணி நேரத்திலேயே தீரும்.

முடிவாக

பார்த்தல், கேட்டல், அசைத்தல், பளு ஏற்றி அளத்தல், அதன் பின்னரே வாங்குதல்: இதுவே வரிசை. இவற்றுள் முதல் மூன்றுக்குக் காசு செலவில்லை. வண்டியில் ஒரு ஸ்பானர், உப்புத்தாள், சோதனை விளக்கு, சரியான அளவுள்ள பியூஸ்கள், ஒரு கைவிளக்கு, முக்கோணப் பலகை ஆகியவற்றை ஒரு துணிப்பையில் இட்டு வைத்தல் ஒவ்வொரு வண்டிக்காரரின் கடமை. ஆண்டுக்கிருமுறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், முனைகளையும் எர்த் போல்ட்டையும் கழற்றித் துடைத்தால் இப்பழுதில் பெரும்பகுதி தலைகாட்டாது.

நமது சங்கத்து விஷயத்தில், கடையில் கொடுத்த பழைய பாட்டரி நல்லதுதானா என்று அறிய இனி வழியில்லை. அந்தப் பணம் போனது போனதே. ஆனால் பிடித்தம் செய்த ஊதியத்தை அடுத்த கூட்டத்திலேயே ஓட்டுநருக்குத் திருப்பிக் கொடுத்து, தவறு குழுவினுடையது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். வண்டியைத் தினமும் கையாள்பவர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்ற வாசகமும் அத்தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. கெட்ட இணைப்பின் வழியாகவும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுவது ஏன்?

2. பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுப்பதன் காரணம் யாது?

3. உள்விளக்கு மங்கலாக எரிவதற்கும், நன்றாக எரிந்து சாவியைத் திருப்பியதும் அணைவதற்கும் என்ன வேறுபாடு? ஒவ்வொன்றும் எப்பழுதைக் காட்டும்?

4. உங்கள் வண்டியின் எர்த் போல்ட் எங்கே உள்ளது? வரும் கூட்டத்திற்கு முன் அதைக் கண்டு, கழற்றித் துடைத்து, கண்டதைக் கூட்டத்தில் கூறுங்கள்.